சொந்த மூச்சை நம்பி: தணிப்பு மருந்துகளும் தங்கவயலின் நுரையீரல்களும்

அறுவை மருத்துவத்தில் நோயாளியை வலியிலிருந்து காக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்று கையாளப்படுகிறது. முதல் வழியில் அவர் முழு மயக்கத்தில் ஆழ்த்தப்படுகிறார். மூச்சுக்குழலில் ஒரு குழாய் செருகப்பட்டு, அறுவை முடியும்வரை மூச்சுப் பணியை ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாம் வழியில் அறுவைக்கு உரிய பகுதி மட்டும் மரத்துப்போகச் செய்யப்படுகிறது. முதுகில் போடும் ஊசியால் இடுப்புக்குக் கீழே உணர்வை நீக்கும் தண்டுவட மயக்கம் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. விழித்திருக்கும் நோயாளியின் அச்சத்தையும் பதற்றத்தையும் குறைக்க, அரைத்தூக்கத்தைத் தரும் மருந்துகள் சிரை வழியாகச் சிறிதளவு செலுத்தப்படுகின்றன. இவையே தணிப்பு மருந்துகள். இந்த வழியில் குழாயும் இல்லை, இயந்திரமும் இல்லை. நோயாளி தாமாகவே மூச்சு விடுகிறார்.

குழாய் இல்லை என்பதாலேயே இரண்டாம் வழி சிறியது, எளியது, ஆகவே பாதுகாப்பானது என்னும் எண்ணம் நோயாளிகளிடம் மட்டுமன்றி மருத்துவமனைகளிலும் பரவலாக உண்டு. அந்த எண்ணம் பாதியே உண்மை. முழு மயக்கத்தில் மூச்சுக்கான பொறுப்பு இயந்திரத்திடமும் அதை இயக்குபவரிடமும் இருக்கிறது; தணிப்பிலோ அது நோயாளியின் உடலிடமே விடப்பட்டு, அந்த உடலின் மூச்சுக் கட்டுப்பாட்டைக் குறைக்கும் மருந்தும் அதே நேரத்தில் கொடுக்கப்படுகிறது. ஆகவே தணிப்பின் பாதுகாப்பு, நோயாளியின் நுரையீரலில் எவ்வளவு இருப்பு எஞ்சியிருக்கிறது என்பதையே முதன்மையாகச் சார்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாறைத்தூளைச் சுவாசித்த ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இந்த உண்மை வேறெங்கும் காண்பதைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

தணிப்பின் நான்கு படிகள்

அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 1999-இல் தணிப்பை நான்கு படிகளாக வரையறுத்தது. அந்த வரையறையே இன்று பல நாடுகளில் வழக்கில் இருக்கிறது. முதற்படியில் நோயாளி பதற்றம் தணிந்து, இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார். இரண்டாம் படியான மிதமான தணிப்பில் அவர் கண்ணயர்ந்திருந்தாலும், பெயரைச் சொல்லி அழைத்தாலோ தோளை மெல்லத் தொட்டாலோ பொருள்பட மறுமொழி தருவார். மூச்சுக்கு எவருடைய உதவியும் தேவைப்படாது. மூன்றாம் படியான ஆழ்ந்த தணிப்பில் திரும்பத் திரும்ப அழைத்தால் அல்லது வலி உண்டாக்கினால் மட்டுமே அவர் அசைவார். மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கப் பிறர் உதவி தேவைப்படலாம், மூச்சின் அளவும் போதாமல் போகலாம். நான்காவது படி முழு மயக்கம்.

இப்படிகளுக்கு இடையே சுவர்கள் இல்லை. ஒருவரை இரண்டாம் படியில் நிறுத்தும் அளவு, அதே எடையும் வயதும் கொண்ட இன்னொருவரை மூன்றாம் படிக்குக் கொண்டுபோய்விடும். அறுவையின் நடுவில் வலித் தூண்டல் நிற்கும்போது, மருந்தின் அளவு மாறாமலேயே தணிப்பு ஆழமாகிவிடும். அதனால்தான், தாம் எண்ணிய படிக்கு அடுத்த படியில் நோயாளி விழுந்துவிட்டால் அவரை மீட்டெடுக்கும் திறன் உடையவரே தணிப்பு தர வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதியாக அமைந்தது.

மூச்சை நடத்துவது எது

மூச்சை நடத்தும் நரம்புத்தொகுதி, மூளையின் அடித்தண்டிலுள்ள முகுளத்தில் இருக்கிறது. அதை நொடிதோறும் இயக்குவது ஆக்சிஜனின் குறைவு என்றே பொதுவாக எண்ணத் தோன்றும். ஆனால் முதன்மையாக இயக்குவது இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு. இதை 1905-இல் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜான் கில்லிஸ் பிரீஸ்ட்லியும் நிறுவினார்கள். காற்றழுத்தம் குறைந்த பென் நெவிஸ் மலையுச்சியிலும், அழுத்தம் மிகுந்த கார்ன்வால் பகுதியின் டால்கோத் சுரங்கத்தின் அடியிலும் நுரையீரலின் நுண்ணறைக் காற்றை எடுத்து அளந்தபோது, ஆக்சிஜனின் அழுத்தம் இடத்துக்கு இடம் பெரிதும் மாறியிருந்தும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஏறத்தாழ மாறாமல் இருந்ததை அவர்கள் கண்டார்கள். உடல் அந்த வாயுவை ஒரே அளவில் வைத்திருக்கும் பொருட்டே மூச்சைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

இந்த ஆய்வுக்களத்துக்கும் தங்கவயலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1880 முதல் கோலாரில் தங்கம் தோண்டிய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தன் சுரங்க வல்லுநர்களில் பலரைக் கார்ன்வாலிலிருந்தே அழைத்து வந்தது. அவர்களுக்குக் கீழே வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பாறையைத் துளைத்தார்கள். கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நிலை குறித்து 1904-இல் அறிக்கை அளித்து, பாறைத்தூள் அவர்களின் நுரையீரலை அழிப்பதைச் சுட்டிக்காட்டியவர்களுள் அதே ஹால்டேனும் ஒருவர். மூச்சைக் கட்டுப்படுத்துவது எது, மூச்சுறுப்பைக் கெடுப்பது எது என்ற இரண்டு கேள்விகளும் ஒரே அறிஞரைச் சுரங்கங்களுக்கு அழைத்துச் சென்றன.

தணிப்பு மருந்துகள் இந்த ஏற்பாட்டை மூன்று இடங்களில் தாக்குகின்றன. முதலாவதாக, கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூச்சை விரைவுபடுத்தும் முகுளத்தின் எதிர்வினையை மழுங்கச் செய்கின்றன. இரண்டாவதாக, ஆக்சிஜன் குறையும்போது கழுத்துத் தமனிகளின் அருகிலுள்ள உணர்விகள் எழுப்பும் எச்சரிக்கையைத் தணிக்கின்றன. மூன்றாவதாக, தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளை, குறிப்பாக நாக்கை முன்னே இழுத்துப் பிடிக்கும் தசையைத் தளர்த்துகின்றன. அப்போது நாக்கு பின்னே சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கிறது. இந்த மூன்றாம் நிலையில் மார்பும் வயிறும் மாறி மாறி ஏறி இறங்குவதால் பார்ப்பவருக்கு நோயாளி மூச்சு விடுவதுபோலவே தோன்றும். உள்ளே காற்று போகாது. கீழ்த்தாடையை இரு கைவிரல்களால் முன்னே தூக்கிப் பிடித்த மறுகணமே அடைப்பு நீங்கிக் காற்று இரைச்சலோடு உள்ளே பாயும்.

ஹைதராபாத் விவாதம்

மயக்கத்தின்போது மூச்சைக் கவனிப்பதா, நாடியைக் கவனிப்பதா என்ற கேள்வி இந்திய மண்ணிலேயே ஒரு காலத்தில் உலகளவில் விவாதிக்கப்பட்டது. குளோரோஃபாம் கொடுக்கப்பட்ட நோயாளிகள் திடீரென இறப்பதற்குக் காரணம் மூச்சு நிற்பதா, இதயம் நிற்பதா என்பதை அறிய, நிஜாமின் பொருளுதவியோடு 1888-இலும் 1889-இலும் இரண்டு ஹைதராபாத் குளோரோஃபாம் ஆணையங்கள் அமைந்தன. அவற்றை நடத்தியவர் அங்கு ரெசிடென்சி அறுவை மருத்துவராக இருந்த எட்வர்டு லாரி. இரண்டாம் ஆணையத்துக்கு இலண்டனிலிருந்து மருந்தியல் அறிஞர் லாடர் பிரண்டன் வந்து சேர்ந்தார். உலகின் முதல் பெண் மயக்கவியலாளர்களுள் ஒருவராக மதிக்கப்படும் ரூபா பாய் ஃபர்தூன்ஜி அந்நகரின் மருத்துவப் பள்ளியில் லாரியிடம் பயின்றவரே.

நூற்றுக்கணக்கான நாய்களையும் குரங்குகளையும் கொண்டு செய்த சோதனைகளின் முடிவில், மூச்சே முதலில் நிற்கிறது, ஆகவே மயக்கம் தருபவர் மூச்சிலேயே கண்ணாக இருந்தால் எவரும் இறக்கமாட்டார் என்று லாரி அறிவித்தார். அவருடைய முடிவு முழுமையானதல்ல. மேலோட்டமான குளோரோஃபாம் மயக்கத்தில் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்துத் திடீர் மரணம் நேரக்கூடும் என்பதை 1911-இல் ஏ. ஜி. லெவி காட்டினார். எனினும் குளோரோஃபாம் வழக்கொழிந்த பின்னும், தாமாக மூச்சு விடும் நோயாளியைப் பொறுத்தவரை லாரியின் அறிவுரை வேறொரு வகையில் உண்மையாகிவிட்டது. அமெரிக்காவில் இழப்பீட்டு வழக்குகளாக முடிந்த நிகழ்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான ஆய்வில், தணிப்போடு செய்த அறுவைகளில் தீங்கு விளைவித்த தனிக் காரணங்களுள் முதலிடம் பெற்றது தணிப்பு மருந்தின் மிகையால் மூச்சு ஒடுங்கியதே. அவற்றில் ஏறத்தாழப் பாதியைச் சரியான கண்காணிப்பு தடுத்திருக்கும் என்றும் அது கண்டது.

மருந்துகளின் தனித்தன்மை

இன்று மிகுதியாகப் பயன்படும் தணிப்பு மருந்து மிடசோலம். அது பதற்றத்தை நீக்கி, நடந்ததை நினைவில் நிற்காமலும் செய்துவிடும். ஆனால் வலியைப் போக்காது. வலிக்காக அதனுடன் அபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் சேர்க்கப்படுகிறது. தனித்தனியே சிறிய அளவில் பெரும்பாலும் தீங்கற்ற இவ்விரண்டும் சேரும்போது என்ன நேர்கிறது என்பதை 1990-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. நலமான 12 தன்னார்வலர்களுக்கு மிடசோலம் மட்டும் கொடுத்தபோது ஒருவருக்கும் ஆக்சிஜன் குறையவில்லை. ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது 6 பேருக்குக் குறைந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 11 பேருக்குக் குறைந்ததோடு, 6 பேருக்கு மூச்சே சிறிது நேரம் நின்றது. ஒன்று மூச்சுத் தூண்டலைக் குறைக்க, மற்றொன்று விழிப்பைக் குறைக்கிறது. விழித்திருப்பவர் மூச்சு விட மறந்தால் நினைவூட்டப் போதுமான விழிப்பும் அப்போது இல்லாமற்போகிறது. நல்வாய்ப்பாக இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு: மிடசோலத்துக்கு ஃபுளூமசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்சோன். ஆனால் மாற்று மருந்தின் ஆற்றல் முதல் மருந்துக்கு முன்பே தீர்ந்துபோகக் கூடும் என்பதால், விழித்தெழுந்த நோயாளி மீண்டும் அயரலாம்.

1986-இல் புழக்கத்துக்கு வந்த புரோபோஃபால், பால் போன்ற வெண்ணிறக் குழம்பு. அது மிக விரைவில் உறங்க வைத்து, நிறுத்தியதும் விரைவில் தெளிய வைக்கும், அதற்காகவே விரும்பப்படுகிறது. ஆனால் மிதமான தணிப்புக்கும் முழு மயக்கத்துக்கும் இடையே அது விடும் இடைவெளி மிகக் குறுகியது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. கெட்டமின் இவற்றுக்கு நேரெதிர்: வலியையும் போக்கும், மூச்சையும் பெரும்பாலும் காக்கும்; அதனாலேயே வசதி குறைந்த மருத்துவமனைகளிலும் போர்க்களங்களிலும் பல பத்தாண்டுகளாக நிலைத்து நிற்கிறது. ஆனால் அது இரத்த அழுத்தத்தையும் எச்சில் சுரப்பையும் கூட்டும். தெளியும்போது சிலருக்கு அச்சமூட்டும் காட்சிகளைத் தரும்.

இந்த வரிசையில் இளையது டெக்ஸ்மெடிடோமிடின். அமெரிக்காவில் 1999-இல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும், 2008-இல் குழாய் பொருத்தாமல் தணிப்பு தரவும் ஏற்கப்பட்ட இது, மூளைத்தண்டில் விழிப்பைத் தாங்கும் நரம்பணுத் தொகுதியைத் தணித்து இயல்பான தூக்கத்தை ஒத்த நிலையைத் தருகிறது. அழைத்தால் நோயாளி கண் திறந்து பேசுவார். அழைப்பு நின்றதும் மீண்டும் தூங்கிவிடுவார். மூச்சுத் தூண்டலை இது பிற மருந்துகள் அளவுக்கு ஒடுக்குவதில்லை. ஆயினும் தொண்டைத் தசைகளை இதுவும் தளர்த்தும். இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். தண்டுவட மயக்கமும் அதே விளைவுகளைத் தரவல்லது என்பதால், இரண்டும் சேரும் இடத்தில் நாடி 50-க்குக் கீழே இறங்குவது அரிதன்று. மூச்சுக்குத் தீங்கில்லாத மருந்து என்று எதையும் சொல்ல இயலாது. எந்தத் தீங்கை எந்த நோயாளி தாங்குவார் என்பதே தேர்வின் அடிப்படை.

தூள் எடுத்துக்கொண்ட இருப்பு

கோலார்த் தங்கம் குவார்ட்ஸ் என்னும் படிகப் பாறையின் நரம்புகளில் படிந்திருந்தது. அதைத் துளைக்கும்போதும் வெடி வைக்கும்போதும் எழும் சிலிக்காத் தூளில் பெரிய துகள்கள் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் தங்கி வெளியேறிவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறியவை மட்டும் காற்று நுண்ணறைகள்வரை செல்லும். அங்கே துகளை விழுங்கும் பாதுகாப்பு அணுக்கள் அதனைச் செரிக்க முடியாமல் மடிந்து, அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. வெளிப்பட்ட துகளை அடுத்த அணு விழுங்குகிறது. முடிவில்லாத இந்தச் சுழற்சியால் நுரையீரலில் தழும்புக் கணுக்கள் உருவாகின்றன. இந்த நோயே சிலிகோசிஸ். தூளை விட்டு விலகி ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அது முற்றக்கூடும். காசநோய்க்கும் அது இடம் தருகிறது.

இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் முறையாகப் பதிவானது இத்தங்கவயலில்தான். 1940-களில் இங்கு நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டது. நீர் பாய்ச்சித் துளையிடும் முறையும் காற்றோட்ட ஏற்பாடுகளும் வந்த பின் நிலைமை மேம்பட்டதென்றாலும், 3 கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் உள்பட அனைத்தும் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்படும்வரை பாறையைத் துளைப்பது நிற்கவில்லை. சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கான தேசிய நிறுவனம் 1990-இல் தன் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்ட இடமும் தங்கவயலே. கடைசிக் காலத்தில் இளைஞர்களாக இறங்கியவர்கள்கூட இன்று நடுவயதைக் கடந்துவிட்டார்கள். குடலிறக்கம், புராஸ்டேட் சுரப்பி வீக்கம், இடுப்பெலும்பு முறிவு, கண்புரை என்று தண்டுவட மயக்கத்திலோ இட மரப்பிலோ செய்யப்படும் அறுவைகள் தேவைப்படும் வயது அது. சுரங்கங்களோடு சாம்பியன் ரீஃபிலிருந்த நிறுவன மருத்துவமனையும் ஓய்ந்துவிட்டதால், பெரிய அறுவைகளுக்காக அவர்கள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாருக்கோ பெங்களூருக்கோ செல்லவேண்டியிருக்கிறது. அங்குள்ள மருத்துவருக்கு அவர்களின் சுரங்க வாழ்வு சொன்னாலன்றித் தெரியாது.

தழும்பேறிய நுரையீரல் விறைத்துச் சுருங்கியிருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் குறைந்த காற்றே நுழைவதால், அதை உடையவர் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுசெய்கிறார். நலமான ஒருவர் ஒரு மூச்சுக்கு 500 மி.லி. வீதம் நிமிடத்துக்கு 12 முறை மூச்சு விடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மி.லி. காற்று நுண்ணறைகளை எட்டாமல் குழாய்களிலேயே வீணாகிறது. ஆகவே பயன்படும் காற்று நிமிடத்துக்கு 4.2 லிட்டர். விறைத்த நுரையீரல் உடையவர் 300 மி.லி. வீதம் 24 முறை மூச்சு விட்டால் அவருக்குப் பயன்படுவது 3.6 லிட்டர். இப்போது ஃபென்டனில் அவருடைய மூச்சை 12 ஆகக் குறைத்தால், அவரால் ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக்க முடியாததால், பயன்படும் காற்று 1.8 லிட்டராகச் சரிபாதி ஆகிவிடும். அருகிலிருந்து எண்ணுபவருக்கோ நிமிடத்துக்கு 12 மூச்சு என்பது பாடநூல் சொல்லும் நலமான எண்ணாகவே தெரியும். பிறருக்கு இயல்பான அந்த எண் இவருக்கு ஆபத்தின் அறிகுறி.

எண்ணும் கருவியும் மறைக்கும் எண்ணும்

பயன்படும் காற்று பாதியானால், காலப்போக்கில் இரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பாகி, 40 மி.மீ. பாதரச அழுத்தத்திலிருந்து 80-ஐ நோக்கி ஏறும். நுண்ணறையில் அந்த வாயு இடம்பிடிக்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆக்சிஜன் இடமிழக்கிறது. தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கு காற்றழுத்தம் சுமார் 685 மி.மீ. பாதரசம், நீராவியின் பங்கான 47-ஐக் கழித்து ஆக்சிஜனின் 21 விழுக்காட்டைக் கணக்கிட்டால், உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் ஏறத்தாழ 134. கார்பன் டை ஆக்சைடு 40 ஆக இருக்கும்போது நுண்ணறையில் எஞ்சும் ஆக்சிஜன் சுமார் 84. 80 ஆகும்போது எஞ்சுவது 34 மட்டுமே. சென்னையில் இதே நிலையில் 50 எஞ்சியிருக்கும். 34 என்பது உயிருக்கு ஆபத்தான அளவு. அதற்கு முன்பே, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஓலமிட்டிருக்கும்.

இந்த நிலையைத் தவிர்க்கவே தணிப்பு பெறும் நோயாளிக்கு மூக்கு வழியாக ஆக்சிஜன் தரப்படுகிறது, அது இன்றியமையாததும்கூட. ஆனால் அதில் ஒரு மறைப்பும் உண்டு. அவர் உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 30 விழுக்காடாக உயர்ந்திருந்தால், கார்பன் டை ஆக்சைடு 80-ஐ எட்டிய நிலையிலும் நுண்ணறை ஆக்சிஜன் 90-க்கு அருகில் நின்று, ஆக்ஸிமீட்டர் 95-ஐ ஒட்டிய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். மூச்சு பாதியாகக் குறைந்ததை அக்கருவி சொல்லாது. தேங்கும் கார்பன் டை ஆக்சைடு நோயாளியை மேலும் மயக்கி மூச்சை இன்னும் குறைக்கும். நுரையீரல் தமனிகளைச் சுருக்கி, சிலிகோசிஸால் ஏற்கெனவே களைத்திருக்கும் இதயத்தின் வலப்பக்கத்தின் மீது மேலும் சுமையேற்றும்.

1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகியின் சிந்தனையில் பிறந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவிதான். ஆனால் அது அளப்பது இரத்தத்தின் ஆக்சிஜனை, மூச்சையல்ல. மூச்சை அளக்க, மூக்கருகே வைத்த மெல்லிய குழாயால் வெளிமூச்சின் மாதிரியை உறிஞ்சி, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் அலையாகத் திரையில் வரையும் கேப்னோகிராஃப் வேண்டும். மார்பு அசைந்தும் காற்று வராதபோது அலை தட்டையாகிவிடும். ஆக்ஸிமீட்டர் எண் இறங்குவதற்கு முன்பே அது எச்சரிக்கும். மிதமான தணிப்புக்கும் ஆழ்ந்த தணிப்புக்கும் இதை அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2010-இல் தன் நெறிமுறையில் சேர்த்தது.

மேசையருகில் செய்யவேண்டியவை

சிலிகோசிஸ் உள்ள முதியவர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை எனில், இயந்திர மூச்சின் அழுத்தத்தையும் குழாய் தூண்டும் இருமலையும் தவிர்க்கத் தண்டுவட மயக்கமே பெரும்பாலும் ஏற்றது. அதன் உணர்விழப்பு மார்பின் மேற்பகுதிவரை ஏறிவிட்டால் இருமவும் வேகமாக மூச்சு விடவும் உதவும் விலாத் தசைகள் வலுவிழக்கும் என்பதால், மரப்பு தொப்புளை ஒட்டியோ சற்று மேலேயோ நிற்குமாறு மருந்தளவு கணிக்கப்படுகிறது. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும் நோயாளிக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும் எளிய, பயனுள்ள ஏற்பாடு. மரப்பு நன்றாக அமைந்துவிட்டால் தணிப்பின் தேவை குறைகிறது; தேவைப்பட்டாலும் மிடசோலத்தை அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராம் என்று கொடுத்து, அதன் முழு விளைவு தெரியும்வரை சில நிமிடங்கள் பொறுத்த பிறகே அடுத்த சிறு அளவைப் பற்றி எண்ணவேண்டும். தண்டுவட மயக்கமே மூளைக்குச் செல்லும் தூண்டல்களைக் குறைத்து ஓரளவு தூக்கத்தைத் தருவதால், வழக்கமான அளவுகூட இவருக்கு மிகையாகலாம். கார்பன் டை ஆக்சைடு நெடுங்காலமாகத் தேங்கியிருக்கும் நோயாளிக்கு ஆக்சிஜனையும் அளவின்றித் தராமல், ஆக்ஸிமீட்டரில் 88 முதல் 92 வரை நிற்குமாறு தருவதே நெறி. முகத்தருகே அறுவை நடந்து மின்சூட்டுக் கருவி பயன்படுமானால், போர்வைக்கடியில் தேங்கும் ஆக்சிஜன் தீப்பற்றவும் இடமுண்டு என்பது வேறோர் எச்சரிக்கை.

தணிப்பின் ஆழத்தை அறியும் முதற்கருவி மனிதக் குரல். “ஐயா, கண்ணைத் திறந்து பாருங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்ற அழைப்புக்கு நோயாளி எப்படி மறுமொழி தருகிறார் என்பதைக் கொண்டே அவர் இரண்டாம் படியில் இருக்கிறாரா, மூன்றாம் படிக்குச் சரிந்துவிட்டாரா என்பது தீர்மானிக்கப்படுகிறது. தங்கவயலைச் சேர்ந்தவரிடம் இந்தச் சோதனைக்கு இரண்டு தடைகள் உண்டு. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த முதியவர், அரைத்தூக்கத்தில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வரும் கட்டளையைப் புரிந்துகொள்ளத் தடுமாறலாம். துளைப்பொறிகளின் இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவரின் செவித்திறன் குறைந்திருப்பதும் இயல்பு. இரண்டில் எதனால் மறுமொழி வராவிட்டாலும் ஆழ்ந்த தணிப்பு என்று தவறாக எண்ண நேரும். அதைவிட ஆபத்தானது, மறுமொழி வராததற்குச் செவியே காரணம் என்று எண்ணி உண்மையான ஆழ்தணிப்பைக் கவனியாமல் விடுவது. அறுவைக்கு முன்பே அவருடைய செவித்திறனை அறிந்துகொள்வதும், அவர் மொழி பேசும் செவிலியர் ஒருவர் தலைமாட்டில் நிற்பதும் விலையுயர்ந்த கருவிகளுக்கு நிகரான பாதுகாப்பைத் தரும். தோளைத் தொட்டுக்கொண்டு அருகிலிருந்து பேசும் அத்தகைய ஒருவர், பதற்றத்தைத் தணித்து மருந்தின் அளவையே பாதியாகக் குறைக்கவும் கூடும்.

இவை அனைத்தும் தொடங்கவேண்டிய இடம் அறுவை அறையல்ல, அதற்கு முந்தைய மயக்கவியல் சோதனை. சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்கும் படிவங்கள் பலவற்றில் என்ன வேலை செய்தார் என்ற கேள்விக்கு இடமில்லை. எத்தனை ஆண்டுகள் நிலத்தடியில் இருந்தார், துளையிட்டவரா, காசநோய் மருந்து எடுத்தாரா, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்னும் நான்கு கேள்விகளும், ஒரு மார்பு எக்ஸ்ரேயும், அறைக்காற்றில் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணும் சேர்ந்து, தணிப்பு மருந்து எவ்வளவு தரலாம், தரவேண்டுமா என்பதையே பெரும்பாலும் முடிவு செய்துவிடும். மருத்துவர் கேட்காவிட்டாலும் குடும்பத்தார் இவற்றைத் தாமே எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தத் தணிப்பு மருந்தின் அளவுக் கணக்கும் நோயாளியின் எடையிலிருந்து தொடங்குகிறது. தங்கவயலைப் போன்ற ஊர்களில் அந்தக் கணக்கை முடித்து வைப்பது அவர் சுரங்கத்தில் கழித்த ஆண்டுகளே.